வெளிநாட்டுப் புராஜெக்ட்டுக்கு 1,80,000 ரூபாய் கட்டலாமா? கோவை, ஈரோடு பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்

சென்னிமலைத்தறி | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சென்னிமலை. வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது, பெட்ஷீட் நெசவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடுகிறது. அதனால் படிப்புக்காக வீட்டில் இதுவரை கடன் இல்லை.

போன வாரம் ஒரு கன்சல்டன்சியில் இருந்து வந்து செமினார் ஹாலில் பேசினார்கள். தென்கிழக்கு ஆசிய நாடு ஒன்றில் 14 நாள் 'சர்வதேசப் புராஜெக்ட்'. அங்குள்ள வளாகத்திலேயே தங்கல், சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். மொத்தம் 1,80,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 முன்பணம் கட்ட வேண்டும். வகுப்பில் 11 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துத் தருகிறேன் என்றார். இப்போது எடுத்தால் நிறையத் தள்ளுபடி போகும். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் உட்கார்ந்து வேலை செய்து பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூட நாளில் இருந்தே ஆசை. இது சரியான வழிதானா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஆவாரம்பாளையம் | செவ்வாய், இரவு 10:05

கட்டாதே தம்பி. 14 நாளில் புராஜெக்ட் எதுவும் ஆகாது. இரண்டு நாள் ஊர் சுற்றல், நாலு நாள் வகுப்பு, ஒரு நாள் சான்றிதழோடு போட்டோ. என் அக்கா மகன் போய்வந்தான். வேலைக்கான நேர்காணலில் 'அங்கே நீ என்ன செய்தாய்?' என்று கேட்டார்கள். அவனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை.

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 11:20

தம்பி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டு என்று அவசரப்படுத்துகிறார்கள் பார், அதுவே போதும் எனக்கு. நல்ல திட்டம் எதிலும் மாணவனிடம் முன்பணம் வாங்க மாட்டார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் உனக்குக் கொடுப்பார்கள்.

நான் திருப்பூர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு டையிங்கில் மாஸ்டர். பல மாதம் வேலை இல்லை. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பற்றி வீட்டில் பேசாத நாள் கிடையாது. அதனாலேயே கெமிக்கல் இன்ஜினியரிங் எடுத்தேன்.

கடைசி ஆண்டுப் புராஜெக்ட்டாக நான் எடுத்தது சாயத் தண்ணீர். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். அந்த உப்பு துணியில் நிற்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். மூடிய ஆலைகள் மறுபடி ஓட வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றார்கள். ஆர்.ஓ. சவ்வு, அப்புறம் ஆவியாக்கும் கொப்பரைகள் என்று எல்லாம் வந்தது. அந்தச் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்வது ஏன் என்று பார்த்தேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கெஞ்சிக் கேட்டு, நாலு மாதம் வாரம் இரண்டு நாள் மாதிரி எடுத்து, கடினத்தன்மையும் சிலிக்காவும் அளந்தேன்.

அதை வைத்து 43 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். 6 பேர் பதில் எழுதினார்கள். 5 பேர் இடமில்லை என்றார்கள். ஆறாமவர் ஜெர்மனியில் சவ்வு ஆய்வகம் நடத்துபவர். மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. 'சிலிக்கா எந்த முறையில் அளந்தாய், மாதிரியை எத்தனை மணி நேரத்துக்குள் அளந்தாய்?' என்று கேட்டார். நோட்டில் எழுதி வைத்திருந்தேன், சொன்னேன். 2019 கோடையில் 11 வாரம் அங்கே இருந்தேன். ஆய்வகம் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தது. டிக்கெட்டில் பாதியைக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் கொடுத்தார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீயாகக் கையால் செய்து, எழுதி வைத்த வேலை ஏதாவது இருக்கிறதா? சின்னதாக இருந்தாலும் சொல்லு.

தேங்காய்க்களம் | புதன், காலை 6:15

நான் மாணவன் இல்லீங்க, ஒரு தகப்பன். காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். எங்க அம்மணி கோவையில் வேளாண்மைப் படிப்பு, மூன்றாம் ஆண்டு. நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பூச்சி ஆராய்ச்சிக்கு மூணு மாசம் போகணும் என்கிறாள். பொள்ளாச்சிப் பக்கம் 2016-ல் வந்த சுருள் வெள்ளை ஈ எங்கள் தோப்பிலும் இறங்கி, ஓலையெல்லாம் கறுத்துப் போச்சு. அதைப் பார்த்து வளர்ந்தவள். படிப்பில் அவளை நான் சந்தேகப்படவில்லை. கோவைக்கு அப்பால் தனியாகப் போனதில்லை, அதுதான் மனசு கிடந்து அடிக்குது. போய் வந்தவங்க உள்ளதைச் சொல்லுங்க.

சென்னிமலைத்தறி | புதன், மாலை 5:50

நன்றி அக்கா. ஆவாரம்பாளையம் அண்ணா, உங்களுக்கும் நன்றி. பெயரைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

கையால் செய்த வேலை என்றால்... ஒன்று இருக்கிறது, புராஜெக்ட் என்று சொல்லலாமா தெரியவில்லை. எங்கள் தறிக்கூடத்தில் வெயில் காலத்தில் பாவு நூல் (துணியின் நீளவாட்டில் ஓடும் நூல்) அதிகமாக அறும். ஒவ்வொரு தடவையும் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி, விழுதிலும் (இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) அச்சிலும் (சீப்பு) கோத்து, முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டும். அப்பா தரையில் தண்ணீர் தெளிப்பார், ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவார். அது எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்துகொள்ள, 400 ரூபாய்க்கு ஒரு ஈரப்பத சென்சாரும் அதன் அளவைப் படிக்க ஆர்டினோ போர்டும் வாங்கி மாட்டினேன். அறுப்பு எண்ணிக்கையை அம்மா கோடு போட்டு எழுதுவார். 14 மாதமாக எழுதியிருக்கிறோம். ஐப்பசி மழையில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு தறியில் 9 அறுப்பு. பங்குனியில் 28 வரை போயிருக்கிறது.

நொய்யல்கரை | புதன், இரவு 10:30

தம்பி, 14 மாதத் தரவை வைத்துக்கொண்டா 1,80,000 கட்டப் பார்த்தாய்? உன் மெயில் அந்த நோட்டுதான். ஓடுகிற தறிக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்த கணக்கு வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் சுலபத்தில் கிடைக்காது. அங்கே குளிரூட்டிய அறையில் ஒரு தறி நிற்கும். பங்குனி வெயிலும் ஈரச் சாக்கும் அங்கே ஏது?

இதைச் செய். நோட்டை எக்செலில் ஏற்று. ஈரப்பதம் ஒரு பக்கம், அறுப்பு ஒரு பக்கம், ஒரே ஒரு வரைபடம். நெசவு ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன: ஜெர்மனியில் ஆகென், டிரெஸ்டன், செக் குடியரசில் லிபரெட்ஸ், பிரான்ஸில் ரூபே, ஸ்வீடனில் போராஸ், பெல்ஜியத்தில் கென்ட். பாவு, கஞ்சி போடுதல், நூலின் உறுதி இவற்றில் வேலை செய்பவர்களைத் தேடிப் பிடி. அவர்களின் சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது முழுசாகப் படி.

மெயில் பத்து வரிக்கு மேல் வேண்டாம். 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்' என்று ஆரம்பித்தால் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்கள். முதல் வரியிலேயே தறியைச் சொல். இரண்டாவது வரியில் 28, 9 என்ற எண்ணைச் சொல். அவர்கள் கட்டுரையில் உனக்குப் புரியாத இடம் ஒன்றைக் கேள். வரைபடத்தை இணைத்துவிடு. கல்லூரி மெயில் முகவரியில் இருந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அப்புறம் பணம். ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு நடத்தும் வைஸ் (WISE) உதவித்தொகைக்குப் பேராசிரியரின் அழைப்புக் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். எல்லாக் கல்லூரிக்கும் அது கிடையாது, பட்டியலில் உன் கல்லூரி இருக்கிறதா என்று பார். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் (Mitacs Globalink) ஆய்வுப் பயிற்சி வேறு மாதிரி: புராஜெக்ட் பட்டியலை அவர்களே போடுவார்கள், அதில் இருந்து நீ தேர்ந்தெடுக்க வேண்டும். 12 வாரம். அடுத்த கோடைக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் ஜனவரியில்தான் தேட ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் கதவு மூடியிருக்கும்.

மோட்டார் பட்டறை | வியாழன், காலை 8:10

எல்லோரும் போ, போ என்கிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நெசவுக்கு ஆய்வகம் வேண்டுமென்றால் கோவையிலேயே சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1956-ல் ஆரம்பித்தது. ஈரப்பதம், நூல் அறுப்பு எல்லாம் அவர்கள் எப்போதோ பார்த்த விஷயம். முதலில் அங்கே போய் ஒரு வாரம் படி தம்பி. அதைப் படிக்காமல் வெளியூர்க்காரருக்கு எழுதினால், 'உன் ஊரிலேயே இருக்கிறதே' என்று அவர் சொல்லிவிடுவார்.

நான் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) படித்தவன். 1945-ல் அதை அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பிக்க முன்னால் நின்றவர் ஜி.டி.நாயுடு. அவர் ஜெர்மனி போய் வந்தவர்தான். ஆனால் போகும் முன்னாலேயே இங்கே பஸ்ஸும் பட்டறையும் நடத்திய கை அது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனார். 1937-ல் கோவையில் மோட்டார் செய்ய முடிந்தது அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

நொய்யல்கரை | வியாழன், காலை 9:00

அண்ணா, இதில் கோபிக்க என்ன இருக்கிறது? நானும் இதையேதான் சொல்கிறேன். சிட்ரா யோசனை எனக்குத் தோன்றவில்லை. தம்பி, முதலில் அதைச் செய்.

ஈரோடு வாத்தியார் | வியாழன், இரவு 9:15

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் 19 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் பக்கம் நிறையச் சொல்லியாயிற்று. கல்லூரிகள் பக்கம் இருக்கிற தடையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் பொறுப்பு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட ஒப்பந்தங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். 17 எண்ணினேன். நான் இருந்த ஆறு வருடத்தில் ஒன்றில்கூட ஒரு மாணவர் போகவில்லை. கையெழுத்துப் போட்டவர் மாறிவிடுவார், அந்தப் பக்கம் மெயில் வந்தால் யார் பதில் எழுதுவது என்றே தெரியாது. வாரத்துக்கு நாலு மணி நேரமாவது இதற்கென்று ஓர் ஆசிரியரின் கால அட்டவணையில் ஒதுக்கினால்தான் நடக்கும்.

ஏனென்றால் சில கதவுகளை மாணவரால் தனியாகத் திறக்கவே முடியாது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் கிரெடிட் மொபிலிட்டி என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இரண்டு நிறுவனங்களும் முதலில் உடன்படிக்கை போட வேண்டும். போட்டுவிட்டால் அங்கே கட்டணம் கிடையாது, மாதச் செலவுக்கும் பணம் வரும். ஜப்பானின் சகுரா சயின்ஸ் திட்டத்தில் விண்ணப்பிப்பதே அந்த நாட்டு நிறுவனம்தான். அவர்கள் நம்மைக் கூப்பிட வேண்டுமென்றால் இங்கே ஓர் ஆசிரியர் அவர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். 2022-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிப்படி, இங்கும் வெளிநாட்டிலுமாகப் படிக்கும் ட்வின்னிங் படிப்பில் 30 விழுக்காடு கிரெடிட் வரை வெளிநாட்டில் முடிக்கலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு தரும் மதிப்பெண் 3.01-க்குக் குறையாத கல்லூரிகள் இதற்குத் தகுதி பெறும். நம் பகுதியில் தகுதி உள்ள கல்லூரிகள் நிறையவே உண்டு. நடத்திக் காட்ட ஆள்தான் வேண்டும்.

அப்புறம் வருகைப் பதிவு. 75 விழுக்காடு இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. மே மாதத்தில் போகிறவனுக்குப் பரவாயில்லை. ஏப்ரலில் தேர்வு இருக்கும்போது அங்கே வரச் சொன்னால் பிள்ளை திண்டாடுகிறான். எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டை அங்கேயே செய்ய விட்டு, மதிப்பீட்டை ஆன்லைனில் நடத்தலாம். எங்கள் துறையில் மூன்று பேரை அப்படி அனுப்பினோம். இதற்குத் துறைத் தலைவர் துணிந்து ஒரு கையெழுத்துப் போட்டார், வேறொன்றும் தேவைப்படவில்லை.

சென்னிமலைத் தம்பி, உன் துறைத் தலைவரிடம் மெயில் அனுப்பும் முன்பே பேசிவிடு. அழைப்பு வந்த பிறகு போய் நின்றால் 'யாரைக் கேட்டு எழுதினாய்' என்று வரும்.

பவானிக்காரி | வெள்ளி, மதியம் 1:40

யாரும் சொல்லாத ஒன்று, நான் இடத்தை இழந்ததே இதனால்தான். பாஸ்போர்ட்டில் பெயர்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டார்கள். அழைப்புக் கடிதம் கல்லூரிச் சான்றிதழில் இருந்தபடி வந்தது. மூன்றும் மூன்று பெயர். திருத்த விண்ணப்பித்து, காவல் நிலைய விசாரணை முடிந்து வருவதற்குள் அங்கே செமஸ்டர் ஆரம்பித்துவிட்டது. அந்த ஆய்வகம் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

முதலாம் ஆண்டிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், சாதாரண முறையில் 1,500 ரூபாய்தான். இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று சொல்லிவிட்டது. இந்தக் குழப்பம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

உடுமலைப் பையன் | வெள்ளி, இரவு 11:05

நான் அரசு கலைக் கல்லூரி, பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அதில்தான் பஸ்ஸும் நெட் பேக்கும். நீங்கள் சொல்கிற கல்லூரிகள் எல்லாம் இன்ஜினியரிங். எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா?

நொய்யல்கரை | சனி, காலை 7:30

உண்டு தம்பி. கூகிள் சம்மர் ஆஃப் கோட் 2005-ல் இருந்து நடக்கிறது. கல்லூரிப் பெயரைக் கேட்பதில்லை. திறந்த மூல மென்பொருள் அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து அவர்களோடு பழக வேண்டும். வசந்தத்தில் விண்ணப்பம், கோடையில் வேலை, உடுமலையில் இருந்தே செய்யலாம், பணமும் வரும். இப்போதே ஒரு அமைப்பில் சேர்ந்து பழக ஆரம்பி. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் தளத்தையும் பார்த்துக்கொண்டே இரு. அதன் ஸ்கவுட் திட்டத்தில் 2024-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு நம் மாணவர்கள் அரசுச் செலவில் போய்வந்தார்கள்.

காங்கேயத்து ஐயாவுக்குப் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் வாரம் கஷ்டம். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம், தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று தெரியாமல் சனிக்கிழமை ஒன்றும் வாங்காமல் விட்டேன். ஆத்தா கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்புப் பொடியும் சின்ன குக்கரும்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. மாணவர் விடுதியில் பக்கத்து அறைப் பெண் துருக்கிக்காரி, அவளும் முதல் தடவை வீட்டை விட்டு வந்தவள். இரண்டாம் வாரத்தில் இருந்து இருவரும் சேர்ந்து சமைத்தோம். இரவில் ஆய்வகத்தில் இருந்து தனியாகத்தான் நடந்து வருவேன், பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லா ஊரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது இருந்ததால் ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது மருத்துவரிடம் போகத் தயங்கவில்லை.

நான் அங்கே கற்றது என்ன என்று கேட்டால் ஒரு சின்ன விஷயம் சொல்வேன். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பி.எச். மீட்டரின் மின்முனை மூடியில்லாமல் இழுப்பறையில் காய்ந்து கிடக்கும். அங்கே ஆய்வக உதவியாளர் அம்மா முதல் நாளே என் கையைப் பிடித்துக் காட்டினார்: வேலை முடிந்ததும் கழுவி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிறுத்த வேண்டும். காலையில் வந்ததும் பி.எச். 4, 7, 10 என்று மூன்று கரைசலில் சரிபார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து. ஒரு நாள் அவசரத்தில் அதைச் செய்யாமல் அளந்தேன். அன்றைய 22 அளவீடுகளையும் அடித்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். இரவு எட்டு மணி ஆயிற்று, அவரும் வீட்டுக்குப் போகாமல் கூடவே இருந்தார். இப்போது நான் வேலை செய்யும் சுத்திகரிப்பு நிலையத்தில் காலை முதல் வேலை அதுதான்.

உங்கள் அம்மணி தோப்பில் எத்தனை மரம், ஓர் ஓலைக்கு எத்தனை ஈ என்று எண்ணியிருக்கிறாளா என்று கேளுங்கள். எண்ணியிருந்தால், தைரியமாக அனுப்புங்கள்.

தேங்காய்க்களம் | சனி, இரவு 8:20

கேட்டேனுங்க. 60 மரத்துக்குப் பெயிண்டில் நம்பர் போட்டு வைத்திருக்கிறாள். மட்டை வெட்டுகிறவன் போட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நோட்டையும் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அவள் வாத்தியாரைப் பார்க்க நானும் போகிறேன்.

சென்னிமலைத்தறி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7:45

எல்லோருக்கும் ஒரு செய்தி. துறைத் தலைவரிடம் பேசினேன், அனுமதி கொடுத்தார். மோட்டார் பட்டறை அண்ணா சொன்னபடி முதலில் கோவை போய் வந்தேன். நெசவுக் கூடத்துக்கு 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம் வேண்டும் என்பதையும், கஞ்சி போட்ட நூல் காய்ந்தால் மொறுமொறுவென்று ஒடிவதற்கான காரணத்தையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். எங்கள் கூடத்தில் பங்குனி மதியம் 38 வரை இறங்கியிருக்கிறது.

12 மெயில் அனுப்பினேன். இரண்டு பேர் இடமில்லை என்றார்கள். நேற்று செக் குடியரசில் இருந்து ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். வா என்று சொல்லவில்லை, ஒரே ஒரு கேள்வி: சென்சார் சுவரில் இருக்கிறதா, பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, தரையில் இருந்து எத்தனை சென்டிமீட்டர்?

சுவரில்தான் மாட்டியிருந்தேன், தலைக்கு மேலே. அவர் கேட்ட பிறகுதான் தப்பு புரிந்தது. அப்படியே அவருக்கு எழுதிவிட்டேன், 14 மாதத் தரவும் சுவர் அளவுதான் என்று. இன்னொரு சென்சார் வாங்கி இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டி, எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று அனுப்புவதாகச் சொன்னேன். 'மூன்று வாரம் எடுத்து அனுப்பு, பேசுவோம்' என்று பதில் வந்தது.

இன்று மதியம் இரண்டாவது சென்சாரை மாட்டினோம். ஒயர் விழுதில் சிக்காமல் இருக்க எங்கே கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாதான் தறியை நிறுத்தி, பாவு உருளைக்கும் விழுதுக்கும் நடுவில் பாவு மட்டத்திலேயே ஒரு மூங்கில் குச்சியைக் குறுக்கே வைத்துக் கட்டிக் கொடுத்தார். தரையில் இருந்து 84 சென்டிமீட்டர். சுவரில் ஈரப்பதம் 61 காட்டும்போது அங்கே 54. அம்மா நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டுவிட்டார்.